டெக்னிக்கல் அனாலிசிஸ் எங்கிருந்து கற்க ஆரம்பிப்பது? கேள்வி பதில்

வணக்கம். பன்னிரண்டு வருடமாக நம் இந்தியச் சந்தையில் ஸ்விங் டிரேடிங் செய்கிறேன். அதாவது பங்கை டெலிவரியில் (முழுப் பணம் கட்டி நம் பெயரிலேயே) வாங்கி, சில நாளிலிருந்து சில வாரம் வரை வைத்திருந்து விற்பது. டெக்னிக்கல் அனாலிசிஸ், அதாவது விலை சார்ட்டைப் படித்து முடிவெடுக்கும் முறை பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "இப்போது எதை வாங்கலாம்" என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இருக்காது. நான் செபியில் (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு செய்த ஆலோசகர் இல்லை, அதைச் சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது.

கேள்வி: முழுக்கப் புதியவன். ஒரு வீடியோவில் கேண்டில் படி என்கிறார்கள், இன்னொன்றில் ஆர்எஸ்ஐ, இன்னொன்றில் ஃபிபனாச்சி. முதலில் எது?

பதில்: முதலில் விலை, அதோடு வால்யூம், அதாவது எத்தனை பங்கு கைமாறியது என்பது. மற்ற எல்லாம் அப்புறம். ஐம்பது பெரிய கம்பெனிகள் அடங்கிய நிஃப்டி 50 பட்டியலிலிருந்து ஐந்தே ஐந்து பங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். இண்டிகேட்டர் (விலையிலிருந்து கணக்கிட்டு வரையும் கோடு) எதுவும் போடாமல், கடந்த இரண்டு வருட வாராந்திர சார்ட்டையும் தினசரி சார்ட்டையும் திறந்து வையுங்கள். விலை எங்கே ஏறித் திரும்பியது, எங்கே இறங்கித் திரும்பியது என்று நீங்களே கையால் குறியுங்கள். ஒவ்வொரு உச்சமும் முந்தைய உச்சத்தைத் தாண்டி, ஒவ்வொரு பள்ளமும் முந்தைய பள்ளத்துக்கு மேலேயே நின்றால் அது ஏறுமுகம். நூறு வருடத்துக்கும் முன்னால் அமெரிக்கப் பத்திரிகையாளர் சார்லஸ் டவ் எழுதியதன் அடிப்படை இதுதான், இன்றும் வேலை செய்கிறது. இரண்டு மாதம் இதை மட்டும் செய்தால் சார்ட்டைப் பார்த்ததும் "இது எந்தப் பக்கம் போகிறது" என்பதற்குப் பத்து விநாடியில் பதில் வரும். அது வராதவரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

கேள்வி: கேண்டில் பேட்டர்ன்கள் நாற்பது ஐம்பது இருக்கின்றன, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. கேண்டில் என்ற இந்த மெழுகுவத்தி வடிவம் ஜப்பானிய அரிசி வியாபாரத்திலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அவர்களுக்கு அது அன்றைய நாளின் கதையைச் சுருக்கமாக எழுதிவைக்கும் முறை, அவ்வளவுதான். திறந்த விலை, உச்சம், அடி, முடிந்த விலை என்ற நான்கு எண்களை வைத்து, அன்றைக்கு யார் கை ஓங்கியது என்று படிக்கத் தெரிந்தால் பெயர்கள் தேவையே இல்லை. ஹேமர் என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர்கள் விலையைக் கீழே தள்ளினார்கள், நாள் முடிவதற்குள் வாங்குபவர்கள் அதை மேலே கொண்டுவந்துவிட்டார்கள், நீளமான கீழ் வால் அதைத்தான் காட்டுகிறது. இது பல மாதமாக மதிக்கப்படும் ஒரு சப்போர்ட்டில் (விலை இறங்கி வந்து திரும்பும் இடம்), கூடுதல் வால்யூமோடு வந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். அதே ஹேமர் எந்தச் சப்போர்ட்டும் இல்லாத நடு இடத்தில் வந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது.

கேள்வி: ஆர்எஸ்ஐ 30க்குக் கீழே வந்தால் வாங்கு என்று படித்தேன். வாங்கினேன். அதன் பிறகும் விழுந்துகொண்டே இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: இந்த ஒரு தப்பில்தான் நிறையப் பேர் முதல் பணத்தை இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெல்ஸ் வைல்டர் 1978ல் வெளியிட்ட இண்டிகேட்டர் இது. கடந்த 14 நாளில் ஏறிய நாட்களின் சராசரி ஏற்றத்தையும் இறங்கிய நாட்களின் சராசரி இறக்கத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100க்குள் ஓர் எண் தருகிறது. ஆக 30க்குக் கீழே வந்தால் "சமீபத்தில் வேகமாக விழுந்திருக்கிறது" என்று மட்டுமே அர்த்தம். மலிவாகிவிட்டது, இனி ஏறும் என்றெல்லாம் அது சொல்லவே இல்லை. யெஸ் பேங்க் சார்ட்டை ஒருமுறை பாருங்கள். 2018 ஆகஸ்டில் 400 ரூபாய் அருகில் இருந்தது, 2020 மார்ச்சில் ஒரு கட்டத்தில் 10 ரூபாய்க்கும் கீழே போனது. வழியில் ஆர்எஸ்ஐ 30ஐ உடைத்த ஒவ்வொரு முறையும் வாங்கியவருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நான் இதை வேறு மாதிரி பயன்படுத்துகிறேன். முதலில் ஏறுமுகமா என்று பார்ப்பேன். ஏறுமுகத்தில் இருக்கும் பங்கு சற்று இளைப்பாறும்போது ஆர்எஸ்ஐ பெரும்பாலும் 40, 50 பக்கம் வந்து திரும்பும், அங்கேதான் எனக்கு வேலை. இறங்குமுகத்தில் ஆர்எஸ்ஐ என்ன காட்டினாலும் வாங்குவதில்லை.

இன்னொன்று. ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி, ஸ்டோகாஸ்டிக் என்ற மூன்று இண்டிகேட்டரும் "வாங்கு" என்றால் மூன்று சாட்சி கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். மூன்றும் ஒரே விலையிலிருந்து கணக்கிடப்படுபவை. ஒரே ஆளிடம் மூன்று தடவை கேட்டது போலத்தான்.

கேள்வி: என் ஸ்டாப்லாஸைத் தொட்டுவிட்டு உடனே மேலே போகிறது. ஆபரேட்டர்கள் (விலையை ஆட்டும் பெரிய ஆட்கள்) வேண்டுமென்றே செய்கிறார்களா?

பதில்: ஸ்டாப்லாஸ் என்பது, விலை இதற்குக் கீழே போனால் விற்றுவிடு என்று நாம் முன்கூட்டியே வைக்கும் விலை. நம்முடைய நூறு பங்கை யாரும் குறிவைப்பதில்லை. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில், சப்போர்ட்டுக்கு ஐம்பது பைசா கீழே ஸ்டாப்லாஸ் வைக்கிறோம். அந்தப் பங்கு சாதாரணமாகவே ஒரு நாளில் 12 ரூபாய் ஏறி இறங்கும் என்றால், 4 ரூபாய் தூரத்தில் வைத்த ஸ்டாப்லாஸ் அடிபடத்தான் செய்யும். ஒரு பங்கு சராசரியாக ஒரு நாளில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் ஏடிஆர் என்ற அளவு இதற்காகவே இருக்கிறது, அதுவும் வைல்டர் தந்ததுதான். அதைப் பார்த்து இடைவெளி விடுங்கள்.

"இடைவெளி அதிகமானால் நஷ்டமும் அதிகமாகுமே" என்று கேட்பீர்கள். ஆகாது, எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். கையில் 2 லட்சம், ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 480க்கு வாங்கி 460ல் ஸ்டாப்லாஸ் என்றால் பங்குக்கு 20 ரூபாய் ரிஸ்க், ஆக 100 பங்கு. ஸ்டாப்லாஸ் 440ல் இருக்க வேண்டும் என்றால் 50 பங்கு. இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்னால் போட வேண்டும். நான் முதல் இரண்டு வருடம் இதைப் போடவில்லை. விழுந்த பங்கையே மேலும் மேலும் வாங்கி ஆவரேஜ் செய்தேன், மொத்தப் பணத்தில் பாதி போனது. 50 சதவீதம் இழந்தால் பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். எனக்கு அதற்கு நான்கு வருடம் ஆனது.

ஸ்டாப்லாஸ் காப்பாற்றாத நேரமும் உண்டு. 2024 ஜனவரியில் காலாண்டு முடிவு வந்த மறுநாள் எச்டிஎஃப்சி பேங்க் முந்தைய நாள் முடிந்த விலையிலிருந்து நல்ல இடைவெளி விட்டுக் கீழே திறந்து, அன்றைக்கே 8 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. அந்த இடைவெளிக்குள் ஸ்டாப்லாஸ் வைத்திருந்தவருக்கு அந்த விலை கிடைத்திருக்காது. அதனால் ரிசல்ட் தேதியைப் பார்க்காமல் குறுகிய கால டிரேடுக்குள் போகாதீர்கள்.

கேள்வி: ஒரு பங்கு ஒரே நாளில் பாதி விலைக்கு வந்துவிட்டதாகக் காட்டுகிறது. இது வாங்கும் வாய்ப்பா?

பதில்: போனஸ் (கம்பெனி இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு) அல்லது ஸ்பிளிட்டா (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) என்று முதலில் பாருங்கள். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்தபோது விலை பாதியானது, பங்கு எண்ணிக்கை இரட்டிப்பானது. சார்ட்டில் பழைய விலைகள் இதற்கேற்பத் திருத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் போடும் கோடுகள் எல்லாம் தவறாகிவிடும்.

கேள்வி: கோவையில் ஐடி வேலை. 3 லட்சம் சேமிப்பு இருக்கிறது. ஆறு மாதம் சார்ட் படித்துவிட்டேன், வேலையை விட்டுவிட்டு பேங்க் நிஃப்டி ஆப்ஷன் பண்ணலாமா?

பதில்: வேலையை விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், செலவுகளையும் சேர்த்து ஆளுக்குச் சராசரி சுமார் 2 லட்சம். அடுத்த வருட ஆய்விலும் 91 சதவீதம். அவர்களில் சார்ட் தெரிந்தவர்களும் நிறைய இருந்திருப்பார்கள். ஆப்ஷன் என்பது ஒரு குறிப்பிட்ட விலையில் வாங்கவோ விற்கவோ ஒரு கெடு வரை மட்டும் இருக்கும் உரிமை. அதை வாங்கும்போது திசையைச் சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, நேரமும் சரியாக இருக்க வேண்டும். நாள் போகப் போக பிரீமியம், அதாவது அந்த உரிமையின் விலை, கரையும். நிஃப்டி நீங்கள் சொன்ன இடத்துக்கே போகும், ஆனால் எக்ஸ்பைரிக்கு (கெடு முடியும் நாளுக்கு) மறுநாள் போகும். மாத வாடகைக்கு இதை நம்பியிருக்கும்போது அந்த நிலைமையை யாராலும் நிதானமாகக் கையாள முடியாது. சம்பளம் வந்துகொண்டிருக்கட்டும், 30,000 ரூபாயை மட்டும் எடுத்து டெலிவரியில் ஒரு வருடம் செய்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி: 45,000 ரூபாய்க்கு ஒரு ஆன்லைன் வகுப்பு. தினமும் லைவ் மார்க்கெட்டில் கால் தருவார்களாம். சேரலாமா?

பதில்: கால், அதாவது இதை வாங்கு அதை விற்றுவிடு என்ற சிபாரிசு, தருகிறார் என்றால் அவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு செபி இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். "நான் பாடம் மட்டும்தான் நடத்துகிறேன்" என்றால், 2025 ஜனவரியில் செபி சொன்னபடி அவர் கடந்த மூன்று மாத விலைகளை வைத்துப் பாடம் நடத்தவே கூடாது. இரண்டில் எதிலும் அடங்காதவரிடம் பணம் கட்டாதீர்கள். லாப ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், நஷ்டமான நாளின் ஸ்கிரீன்ஷாட் அங்கே வராது.

கேள்வி: பத்தில் நாலு டிரேடுதான் ஜெயிக்கிறது. இதற்கு மேல் தொடரலாமா?

பதில்: தாராளமாக. ஜெயித்த நாலில் தலா 2,500, தோற்ற ஆறில் தலா 1,000 என்றால் 10,000 வரவு, 6,000 செலவு, கையில் 4,000. ஆனால் இது டெலிவரிக்கு இரண்டு பக்கமும் 0.1 சதவீத எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), மற்ற கட்டணங்கள், லாபத்தில் 20 சதவீதக் குறுகிய கால வரி எல்லாம் கழிப்பதற்கு முந்தைய எண். இதையும் கழித்து ஐம்பது டிரேடுக்கு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஏன் வாங்கினேன், எங்கே விற்றேன், திட்டப்படி செய்தேனா என்ற மூன்று வரி போதும்.

கேள்வி: குழந்தைகள் தூங்கிய பிறகு ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். சந்தை நேரத்தில் பார்க்கவே முடியாது. எனக்கு இது ஒத்துவருமா?

பதில்: நன்றாக ஒத்துவரும் சகோதரி. மூன்றரை மணிக்குச் சந்தை முடிந்த பிறகு தினசரி கேண்டில் மாறாது, ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்தாலும் அதேதான். இருபது பங்குகளைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தினமும் அவற்றை மட்டும் பாருங்கள். சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்றைக்கு மட்டும்தான் இருக்கும், மறுநாள் தானாகத் தொடராது. அதனால் உங்கள் புரோக்கரிடம் ஜிடிடி (சொன்ன விலை வரும்வரை பல நாள் காத்திருக்கும் ஆர்டர்) வசதி இருந்தால் வாங்கிய அன்றே அதில் விற்கும் விலையைப் போட்டுவிடுங்கள். டிரிகர் விலைக்கும் (ஆர்டரைக் கிளப்பும் விலை) அதற்குக் கீழே வைக்கும் லிமிட் விலைக்கும் (இதற்குக் குறைவாக விற்காதே என்ற விலை) நடுவில் இரண்டு மூன்று ரூபாய் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் வேகமாக விழும் நாளில் ஆர்டர் நிறைவேறாமல் நின்றுவிடும். முதல் மாதம் ஒரே ஒரு பங்கு வாங்கிப் பழகுங்கள்.