சிறை சென்று வந்த பெண்களைப் பற்றிச் சிங்கப்பூரில் சொந்தமாக ஆவணப்படம் எடுத்துத் திரையிட முடியுமா?

முடியும். ஆனால் சாங்கி சிறைக்குள் கேமராவுடன் நுழைய சிறைத்துறையின் அனுமதி வேண்டும். முதல் படம் எடுப்பவர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பேன். விடுதலையானவர்களிடம் பேசுங்கள்.

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்கிறோம். ஊர் சின்னது, ஐயா! குரல், கையில் பச்சை குத்திய பெயர், தாழ்வாரத்தில் தெரியும் புளோக் எண், காயும் பள்ளிச் சீருடை, இதில் ஒன்று போதும், அண்டை வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள். மாவு பிசையும் கைகளை மட்டும் காட்டலாம். தொகுத்து முடித்ததும் முதலில் படத்தில் வரும் அந்தப் பெண்ணுக்கே போட்டுக் காட்டுங்கள். "இது வேண்டாம்" என்றால் வெட்டிவிடுங்கள், எவ்வளவு அருமையான காட்சியானாலும்.

பொதுத் திரையிடலுக்குத் திரைப்படச் சட்டப்படி தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரச்சான்று (எந்த வயதினர் பார்க்கலாம் என்று வகைப்படுத்தும் சான்று) தேவை. டிக்கெட் விற்காவிட்டாலும் இதுதான் நிலை. அரங்கை அதற்குப் பிறகு பதிவு செய்யுங்கள்.