2.50, 3/2, +150: மூன்றும் ஒரே விகிதம்தான்

ஒரே அணிக்கு ஓரிடத்தில் 2.50, இன்னோரிடத்தில் 3/2, வேறோரிடத்தில் +150 என்று பந்தய விகிதம் போட்டிருக்கிறது, இதில் எது லாபம், ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் கிடைப்பது ஒன்றுதான். 100 கட்டி அந்த அணி ஜெயித்தால் கைக்கு 250 வரும். அதில் 100 உங்கள் முதல், 150 லாபம்.

நான் நிகழ்தகவுப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் பலகையில் 1.80, 9/10 என்று இரண்டை எழுதி, எது அதிகம் தரும் என்று கேட்பேன். ஒரு முறை ஒரு மாணவி 9-ஐ 10-ஆல் வகுத்து, "0.9தானே வருகிறது, 1.80 இரண்டு மடங்கு சார்" என்றாள். வகுத்தது சரி. ஆனால் 1.80-க்குள் முதலும் சேர்ந்திருக்கிறது, 9/10-இல் லாபம் மட்டுமே இருக்கிறது. 100 கட்டினால் முதலாவதில் 180 திரும்ப வரும், இரண்டாவதில் 190. அவள் குறைவு என்று தள்ளியதுதான் நல்ல விகிதம்.

அதனால் எந்த விகிதத்தைப் பார்த்தாலும் முதல் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தசம முறையில் உள்ளே, பின்ன முறையில் வெளியே. பின்னத்தை வகுத்து 1 கூட்டினால் தசமம். தசமத்தில் 1 கழித்தால் பின்னத்தின் மதிப்பு: 2.375-இல் 1 போனால் 1.375, அதாவது 11/8. இந்த 1 எவ்வளவு பெரியது என்பது இடத்தைப் பொறுத்தது. 2015-16 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கை லெஸ்டர் சிட்டி வெல்லும் என்பதற்கு 5000/1 கொடுத்திருந்தார்கள் (அவர்கள் வென்றும் காட்டினார்கள்). அதைத் தசமத்தில் 5001 என்று எழுதினாலும் 5000 என்று எழுதினாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 1/5 என்பதை 1.20 என்று மாற்றும்போது 1-ஐ மறந்தால் கணக்கே போச்சு. பிரிட்டிஷ் விகிதங்களில் 4/6, 100/30 என்று சுருக்காத பின்னங்களும் வரும். பயப்பட வேண்டாம், வகுத்தால் போதும். 'இவன்ஸ்' என்றால் 1/1, அதாவது 2.00.

அமெரிக்க முறையில் எல்லாம் 100-ஐச் சுற்றித்தான். பிளஸ் இருந்தால், 100 கட்டினால் வரும் லாபம் அது. மைனஸ் இருந்தால், 100 லாபம் பார்க்க நீங்கள் கட்ட வேண்டிய தொகை. மைனஸ் என்றதும் நஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்று கருதப்படும் பக்கத்துக்குத்தான் அது வரும். -200 என்றால் 200 கட்டி 300 வாங்குகிறீர்கள், தசமத்தில் 1.50. திருப்பி மாற்றும்போது, தசமம் 2-க்கு மேல் இருந்தால் 1 கழித்து 100-ஆல் பெருக்குங்கள். 2-க்குக் கீழே இருந்தால் 1 கழித்து, வரும் எண்ணால் 100-ஐ வகுத்து மைனஸ் போடுங்கள். 1.80 இப்படி -125 ஆகும்.

ஆசிய முறைகளில் ஹாங்காங் முறை எளிது, தசமத்தில் 1 கழித்தால் அதுதான். இந்தோனேசிய முறை அமெரிக்க எண்ணை 100-ஆல் வகுத்தது. மலாய் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். அங்கே மைனஸ் வருவது வாய்ப்புக் குறைவான பக்கத்துக்கு! உங்கள் 2.50 அங்கே -0.67 ஆகிவிடும்: 1 லாபம் பார்க்க 0.67 கட்ட வேண்டும் என்று பொருள். 1.80-ஓ வெறும் 0.80 என்றே நிற்கும். ஆகவே மைனஸைக் கண்டால் எந்த முறை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

சரி, இவ்வளவு மாற்றி என்ன பயன்? எல்லாவற்றையும் தசமத்துக்குக் கொண்டுவந்ததும் 1-ஐ அதால் வகுத்துப் பாருங்கள். 2.50 என்றால் 0.40, அதாவது 40 சதவீத வாய்ப்பு. கட்டும் முன் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் அப்புறம்தான் விகிதம் கொடுப்பவரின் பங்கு கண்ணில் படும். சமபலமுள்ள இரண்டு அணிகளுக்கும் -110 என்று போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். பின்னத்தில் அது 10/11, தசமத்தில் ஏறக்குறைய 1.91. ஒவ்வொன்றும் 52.38 சதவீதம், கூட்டினால் 104.76. இரண்டில் ஒன்றுதான் ஜெயிக்கும், வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்ட முடியாது. மிச்சம் 4.76 எங்கிருந்து வந்தது? ஒருவர் இந்தப் பக்கம் 110, இன்னொருவர் அந்தப் பக்கம் 110 கட்டுகிறார்கள். உள்ளே வந்தது 220. யார் ஜெயித்தாலும் வெளியே போவது 210. மீதி 10 விகிதம் கொடுப்பவருக்கு, வந்த பணத்தில் சுமார் 4.55 சதவீதம். அதே 10-ஐ 210-ஆல் வகுத்தால்தான் அந்த 4.76 வரும்.