அடி யார் மேல் விழுகிறது? (கேள்வி-பதில்)

பாதிக் கடிதங்களில் எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு என்றே இல்லை. அவற்றையெல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மேஜையில் ஆடும் விளையாட்டு) 2014 விதிகள் என்று வைத்துக்கொண்டேன்.

டேங்க் ஆக (குழுவுக்காக அடி வாங்குபவராக) பார்பேரியன் நல்லதா, ஃபைட்டரா?

ஆரம்ப லெவல்களில் பார்பேரியன். ரேஜில் (சண்டை வெறியில்) இருக்கும்போது வெட்டு, குத்து, அடி எல்லாவற்றின் காயமும் பாதிதான். நெருப்புக்கும் விஷத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது.

கம்பெல்ட் டூயல் (எதிரியை என்னோடு மோத வைக்கும் மந்திரம்) போட்டும் எதிரி என் தோழனை அடிக்கிறானே?

அடிக்கலாம், டிஸ்அட்வான்டேஜோடு (பகடையை இருமுறை உருட்டி, குறைந்ததை எடுப்பது). அந்தத் தோழர் அவன் மேல் அம்பு விட்டுக் காயப்படுத்தியிருந்தால் மந்திரம் அப்போதே முடிந்துவிட்டது. ஸ்பெல் விளக்கத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டு எழுதுங்கள்.

பிளேட் கவசம், கேடயம், டிஃபென்ஸ் என்ற சண்டை ஸ்டைல் எல்லாம் சேர்த்து என் ஏ.சி. (என் மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 21. ஆனால் எதிரிகள் என்னை விட்டுவிட்டு விஸார்டை (மந்திரவாதியை) அடிக்கிறார்கள். டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) செய்வது அநியாயம்தானே?

இல்லை. இந்தப் புகார் வராத மாதமே இல்லை. கம்ப்யூட்டர் கேமில் ஒரு பட்டனைத் தட்டினால் எதிரி உங்கள் பக்கம் திரும்புவான். இங்கே அவனை ஆட்டுவிப்பது ஒரு மனிதர். ஓகர் என்ற அரக்கனின் தாக்குதல் +6. உங்களைத் தொட இருபது பக்கப் பகடையில் குறைந்தது 15 விழ வேண்டும், ஏ.சி. 12 உள்ள விஸார்டுக்கு 6 போதும். அதாவது உங்களிடம் மூன்றில் ஒரு அடிகூடப் படாது, அங்கே நான்கில் மூன்று படும். ஓகர் முட்டாள்தான், அவ்வளவு முட்டாள் இல்லை.

2008-இல் வந்த நான்காம் பதிப்பில் ஃபைட்டர் எதிரியை 'மார்க்' செய்யலாம். அப்புறம் அவன் வேறு யாரையாவது அடித்தால் -2. அந்த வசதி இப்போது எல்லாருக்கும் இல்லை. அதனால் நிற்கிற இடம்தான் உங்கள் ஆயுதம். திறந்த வெளியில் நடுவில் போய் நின்றால் சுற்றிக்கொண்டு போவார்கள். வாசற்படியில் நின்று டாட்ஜ் (அடியைத் தவிர்ப்பதிலேயே கவனம் வைப்பது) எடுத்துப் பாருங்கள். அல்லது ஒருவனை கிராப்பிள் செய்யுங்கள் (கையால் பிடித்துக்கொள்ளுங்கள்), அவன் வேகம் பூஜ்யம். டிஃபென்ஸைத் தந்துவிட்டு புரொடெக்ஷன் ஸ்டைல் வாங்கினால் ஏ.சி. ஒன்று குறையும், பக்கத்தில் நிற்பவர் மேல் வரும் அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் கொடுக்கலாம். ஆனால் அதற்குச் செலவாகும் ரியாக்ஷன் (மற்றவர் செயலுக்கு உடனே தரும் எதிர்வினை) ஒரு சுற்றுக்கு ஒன்றுதான். மூன்று பேர் ஓடினால் இரண்டு பேர் போய்ச் சேருவார்கள்.

சென்டினல் (விலகிப் போகும் எதிரியை அடித்து நிறுத்தும் திறன்), புரொடெக்ஷன் இரண்டும் சேர்த்து எடுக்கலாமா?

எடுக்கலாம். இரண்டும் தின்பது அதே ஒரு ரியாக்ஷனை. ஒரு சுற்றுக்கு ஒன்று, மறுபடியும் சொல்கிறேன்.

நல்ல டேங்க் பில்டு (பாத்திர அமைப்பு) ஒன்று சொல்லுங்கள்.

எந்த விளையாட்டு? எந்தப் பதிப்பு? எத்தனையாவது லெவல்?

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஆடுகிறோம். கேடயம் இருந்தும் ஏ.சி. ஏறவில்லை.

பதிப்பைக் குறிப்பிட்டதற்கு நன்றி. கையில் மாட்டியிருந்தால் போதாது, ஒவ்வொரு முறையும் ஒரு ஆக்ஷன் செலவழித்துக் கேடயத்தை உயர்த்த வேண்டும்.

ஹோல்ட் பெர்சனில் (ஆளை அசையவிடாமல் செய்யும் மந்திரத்தில்) மாட்டி இறந்தேன். இவ்வளவு கவசம் எதற்கு?

பிளேட் கவசம் விஸ்டம் சேவிங் த்ரோவுக்கு (மந்திரத்தை எதிர்க்க உருட்டும் பகடைக்கு) உதவாது. குழுவில் ஆறாம் லெவல் பாலடின் இருந்தால் அவருக்குப் பத்து அடி தூரத்துக்குள் நில்லுங்கள். அவருடைய கரிஸ்மா போனஸ் உங்கள் சேவிங் த்ரோவிலும் சேரும்.