பூஜ்யம் பிரீமியம் என்று சொன்னாரா அந்த ஏஜென்ட்?

சார், உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகள் எடுத்துக்கொடுத்த கிரீன் கார்டில் மதுரையிலிருந்து நியூஜெர்சி எடிசனுக்கு வந்து மூன்று வாரம். உங்களுக்கு 66, உங்கள் மனைவிக்கு 62. காலையில் பார்க்கில் கூட நடப்பவர் “65 ஆனால் மெடிகேர் உண்டு” என்கிறார், அதாவது வயதானவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு. ஓக் ட்ரீ ரோடு கடையில் பார்த்த ஏஜென்ட் ஒருவர் “மாதப் பிரீமியம் பூஜ்யம், பல், கண் எல்லாம் அதிலேயே அடக்கம்” என்று கார்டு கொடுத்திருக்கிறார். அவரை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

நம்புவதும் நம்பாததும் அப்புறம். உங்களுக்கு இப்போது மெடிகேரே கிடையாது.

நடப்பவர் சொன்னது அவர் அளவில் சரி. இங்கே பத்து வருடமாவது வேலை பார்த்து, சம்பளத்தில் மெடிகேர் வரி பிடித்திருப்பார்கள். மதுரையில் நீங்கள் வங்கியில் உழைத்த வருடங்கள் இந்தக் கணக்கில் ஏறாது. மகள் கட்டும் வரியும் உங்கள் பேரில் சேராது. கிரீன் கார்டோடு தொடர்ந்து 5 வருடம் இங்கே வசித்த பிறகுதான், அதுவும் பணம் கட்டித்தான், நீங்கள் சேர முடியும். நடுவில் ஊருக்குப் போய் ஆறு மாதத்தைத் தாண்டித் தங்கினால் அந்தத் தொடர்ச்சியிலேயே கேள்வி வரும். கல்யாணம், காதுகுத்து என்று கிளம்பும்போது திரும்பும் தேதியைக் கணக்குப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

எவ்வளவு கட்டவேண்டும் என்றால், 2026 கணக்குப்படி ஆஸ்பத்திரியில் படுப்பதற்கான பார்ட் ஏ மாதம் 565 டாலர், டாக்டர், பரிசோதனை வகையறாவுக்கான பார்ட் பி 202.90 டாலர். ஆளுக்கு 767.90. மனைவிக்கும் 65 ஆகிச் சேர்ந்தால் இரட்டிப்பு. இதைக் கேட்டதும் எனக்குத் தெரிந்த ஒருவர், பஞ்சாயத்து யூனியனில் அதிகாரியாக இருந்தவர், மளிகைக்கடையில் பில் போடப் போனார். விளையாட்டாகச் சொல்லவில்லை. இங்கே வேலை பார்த்ததற்குக் கணக்கில் ஏறும் புள்ளிக்கு கிரெடிட் என்று பெயர். 2026-ல் 1,890 டாலர் சம்பாதித்தால் ஒரு கிரெடிட். வருடத்துக்கு அதிகபட்சம் நாலு. 30 கிரெடிட் சேர்ந்தால் பார்ட் ஏ 311 டாலராகக் குறையும், 40 சேர்ந்தால் இலவசம். கணவர் சேர்த்த கிரெடிட் மனைவிக்கும் உதவும். முழங்கால் ஒத்துழைத்தால் யோசித்துப் பாருங்கள்.

பார்ட் பி மட்டும் தனியாக வாங்கவும் வழி உண்டு. ஆனால் ஏஜென்ட் சொன்ன பூஜ்யம் பிளானுக்கு, அதாவது தனியார் கம்பெனி மெடிகேரை எடுத்து நடத்தும் அட்வான்டேஜ் பிளானுக்கு, ஏ, பி இரண்டும் கையில் இருக்கவேண்டும். இதைத்தான் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். பூஜ்யம் என்பது கம்பெனி தனியாகக் கேட்கும் பணம். அரசாங்கத்துக்குக் கட்டும் 202.90 அப்படியே நிற்கும். உங்கள் விஷயத்தில் அந்த 565-உம் நிற்கும்.

ஏஜென்டைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நம் ஊர் எல்.ஐ.சி. ஏஜென்ட் காபி குடித்துக்கொண்டே ஒரே கம்பெனி பாலிசியைப் போட்டுவிட்டுப் போவார். இங்கே ஒரு கம்பெனிக்கு மட்டும் வேலை செய்பவரும் உண்டு, பத்துக் கம்பெனி பிளான் வைத்திருப்பவரும் உண்டு. “எத்தனை கம்பெனி வைத்திருக்கிறீர்கள்?” என்பதுதான் முதல் கேள்வி. நம்மிடம் அவர் கட்டணம் வாங்கக்கூடாது. கம்பெனி கமிஷன் கொடுக்கும். அழைக்காமல் வீட்டுக் கதவைத் தட்டுவது, முன்பின் தெரியாதவருக்குப் போன் போட்டு அட்வான்டேஜ் பிளான் விற்பது, இரண்டுக்கும் தடை. எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று ஒரு படிவத்தில் உங்கள் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் பிளான் விவரத்தையே எடுப்பார்.

5 வருடம் கழித்து நீங்கள் உட்காரும்போது இரண்டு பாதை இருக்கும். ஒன்று, அரசாங்க மெடிகேரை அப்படியே வைத்துக்கொண்டு, அது விடும் பாக்கிக்கு மெடிகேப் பாலிசியும், மருந்துக்கு பார்ட் டி-யும் தனித்தனியாக வாங்குவது. மாதச் செலவு கூடும். மெடிகேர் வாங்கும் டாக்டர் நாட்டில் எங்கிருந்தாலும் போகலாம். இன்னொன்று அட்வான்டேஜ். எல்லாவற்றையும் ஒரே கம்பெனி பார்த்துக்கொள்ளும், பல், கண் சேரும், மாதப் பணம் குறைவு. ஆனால் கம்பெனி ஒப்பந்தத்தில் உள்ள, அதாவது அவர்கள் நெட்வொர்க் டாக்டரிடம்தான் போகவேண்டும், பல சிகிச்சைக்கு முன் அனுமதியும் வேண்டும்.

எங்கள் அண்ணி நியூஜெர்சியில் இரண்டாவது பாதையில் போனார். குளிருக்குப் பயந்து நாலு மாதம் டெக்சஸில் சின்ன மகன் வீட்டில் இருந்தார். முதுகுவலிக்கு அங்கே டாக்டரைப் பார்க்கப் போனால், நெட்வொர்க்கில் இல்லை என்றார்கள். உயிர் போகும் அவசரம் என்றால் எங்கேயும் பார்ப்பார்கள். முதுகுவலி அதில் சேருமா? சரி, மெடிகேப்புக்கே மாறிவிடலாம் என்று பார்த்தார். அதற்குள் வருடங்கள் ஓடி, சர்க்கரையும் இதயத்தில் ஸ்டென்ட்டும் வந்துவிட்டன. கம்பெனி உடல்நிலையைக் கேட்டு மறுத்துவிட்டது. 65 வயதுக்கு மேல் பார்ட் பி தொடங்கிய முதல் 6 மாதம்தான் எதையும் கேட்காமல் மெடிகேப் கொடுத்தாக வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் வருடம் முழுக்கக் கொடுக்கவேண்டும். இந்தப் பக்கம் இல்லை. “வருடத்தில் எத்தனை மாதம் எந்தப் பிள்ளை வீட்டில் இருப்பீர்கள்?” என்று அண்ணிக்கு பிளான் போட்ட ஏஜென்ட் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

எனக்கு 65 ஆனபோது அமைந்த ஏஜென்ட் இதைத்தான் முதலில் கேட்டார். மாத்திரை டப்பாக்களையெல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னார், டாக்டர் பெயர்களை எழுதிக்கொண்டார், அப்புறம்தான் கம்ப்யூட்டரைத் திறந்தார். நான் எடுத்தது மெடிகேப் பிளான் ஜி. அதில் எனக்குப் பிடித்த ஒரு சமாசாரம்: மெடிகேர் பொதுவாக இந்தியாவில் செல்லாது, ஆனால் இந்த பிளானில் வெளிநாட்டுப் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசர சிகிச்சைக்கு 250 டாலர் போக 80 சதவீதம் கொடுப்பார்கள், வாழ்நாளுக்கு 50,000 டாலர் வரை. விற்பனையே இல்லாத யோசனை வேண்டுமென்றால் ஒவ்வொரு கவுண்டியிலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை இருக்கிறது. நான் இரண்டு பேரிடமும் கேட்டேன்.

5 வருடம் முடியும் தேதியை இப்போதே குறித்துவையுங்கள். அதை ஒட்டிச் சேர 7 மாத அவகாசம் உண்டு. தவறவிட்டால் பார்ட் பி-யில் தாமதமான ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம், அதுவும் காலம் முழுக்க.

ஆனால் இன்றைய அவசரம் வேறு. மெடிகேர் இல்லாத இந்த 5 வருடத்துக்கு, 65 தாண்டியிருந்தாலும், கெட் கவர்ட் நியூஜெர்சி என்ற மாநில மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் நீங்கள் இருவரும் பிளான் வாங்கலாம். பிரீமியத்தில் உதவி கிடைக்குமா என்பது நீங்கள் யாருடைய வரிக் கணக்கில் வருகிறீர்கள், அந்தக் குடும்ப வருமானம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மகளிடம் முதலில் இதைப் பேசுங்கள். புதிதாகக் குடியேறியவருக்கு 60 நாள் அவகாசம், அதில் மூன்று வாரம் போய்விட்டது. விசிட்டர் இன்சூரன்ஸை வைத்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பழைய பி.பி., சர்க்கரையைப் பெரும்பாலும் அது தொடாது. சனிக்கிழமை கிரீன் கார்டு, பாஸ்போர்ட், மருந்துச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு மகளோடு வீட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்துவிடுவோம்.