கலிஃபோர்னியாவின் ‘முதல் இருவர்’ தேர்தல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மதுரை வாசகர்: அண்ணா, நம்ம ஊரில் கட்சித் தலைமைதான் சீட் கொடுக்கும். அங்கே யார் கொடுக்கிறார்கள்?

வாக்காளர்கள்தான், தம்பி. அதற்கென்றே நடக்கும் முதற்கட்டத் தேர்தலைப் பிரைமரி என்பார்கள். முன்பு கட்சிக்கு ஒரு வாக்குச்சீட்டு. 2010 ஜூன் 8 அன்று புரபொசிஷன் 14 (புரபொசிஷன் என்றால் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் சட்ட முன்மொழிவு) வாக்கெடுப்புக்கு வந்து, சுமார் 54 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. இப்போது எல்லாரும் ஒரே சீட்டில். யாரும் யாருக்கும் ஓட்டுப் போடலாம். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பரில் நடக்கும் இறுதித் தேர்தலில் மோதுவார்கள், ஒரே கட்சிக்காரர்களாக இருந்தாலும் சரி. அதிபர் தேர்தலுக்கு இது கிடையாது.

ஃப்ரீமாண்ட் வாசகி: கட்சிகள் எப்படி ஒத்துக்கொண்டன?

ஒத்துக்கொள்ளவில்லை, பெரிய கட்சிகள் இரண்டுமே எதிர்த்தன. 2009 மாநில பட்ஜெட்டுக்குச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்பட்டது. குடியரசுக் கட்சியின் மாநில மேலவை உறுப்பினர் ஏபல் மால்டொனாடோ தன் ஓட்டுக்கு ஈடாக இந்த வாக்கெடுப்பைக் கேட்டு வாங்கினார்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1996இல் மக்கள் ஏற்ற புரபொசிஷன் 198 எல்லாருக்கும் பொதுச் சீட்டு தந்தது. ஆனால் கட்சி வேட்பாளரையும் அதே ஓட்டுகளே முடிவு செய்தன. கட்சியின் உரிமையில் வெளியார் கைவைக்க முடியாது என்று 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என அதை ரத்து செய்தது. அதனால் 14இல் ‘கட்சி வேட்பாளர்’ என்ற பேச்சே இல்லை. என் வீட்டுக்குத் தபாலில் வரும் சீட்டிலும் பெயருக்குக் கீழே ‘கட்சி விருப்பம்’ என்றுதான் இருக்கும். அது வேட்பாளர் சொல்லிக்கொள்வது; கட்சி கொடுத்த முத்திரை அல்ல.

சேலம் வாசகர்: ஓட்டுப் பிரிந்தால்?

அங்கேதான் அடி விழுகிறது. 2012இல் சான் பெர்னார்டினோ பக்கம் 31-வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதி. ஜனநாயகக் கட்சியில் நால்வர், குடியரசுக் கட்சியில் இருவர். நால்வரும் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, அந்த இருவரும் தேறிவிட்டார்கள். அதே நவம்பரில் ஒபாமா வென்ற தொகுதி அது! ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குத் தங்கள் ஆளே சீட்டில் இல்லை. வேறு பெயரை எழுதிப் போட்டாலும் நவம்பரில் எண்ண மாட்டார்கள்.

ஃப்ரீமாண்ட் வாசகி: அப்போ பழைய முறையே மேலா?

இல்லை. எந்தக் கட்சியிலும் சேராத லட்சக்கணக்கானோரின் ஓட்டுக்கு முதற்கட்டத்திலேயே மதிப்பு வந்தது; அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பசுமைக் கட்சி, லிபர்டேரியன் கட்சி போன்றவை நவம்பர் சீட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. இரண்டுக்குப் பதில் நால்வரை அனுப்பலாம். அலாஸ்கா 2020இல் வாக்கெடுப்பு நடத்தி அப்படித்தான் மாற்றிக்கொண்டது.