பல்பு வாங்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லாரி ஹெட்லைட்டைப் பற்றியவை. அதனால் மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் அடுத்த வாரம்.

ஒன்பது வருட டிரெய்லர். ஹெட்லைட் மஞ்சளாக, அணையப் போகிற மாதிரி எரிகிறது. மூன்று தடவை பல்பு மாற்றியும் அதே கதை. 100 வாட் பல்பு போட்டால் சரியாகுமா? (நாமக்கல்)

ஆகாது. ஹோல்டர்தான் உருகும். மூன்று பல்புக்கு முன்னால் ஒரு தடவை வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, முதலில் பேட்டரியில் அளந்து பாருங்கள். 24 வோல்ட் வண்டியில் சுமார் 28 காட்ட வேண்டும். பிறகு பல்பைக் கழற்றாமல் அதன் பின்னால் உள்ள கனெக்டரில் அளந்து பாருங்கள். அங்கே 24.5 வந்தால் வழியில் மூன்றரை வோல்ட் தொலைந்திருக்கிறது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். உங்கள் வண்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒயரிலேயே போய்விடுகிறது என்று அர்த்தம். புது பல்பு அதற்கு என்ன செய்யும்?

முதலில் எர்த்தைப் பாருங்கள். ஹெட்லைட் எர்த் ஒயர் பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தில் பெயின்டும் துருவும்தான் இருக்கும். பளபளவென்று சுரண்டி மறுபடி முடுக்குங்கள். அதிலேயே பல வண்டிகள் தேறிவிடும். தேறாவிட்டால் டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. ரிலே என்றால், சுவிட்சிலிருந்து வரும் சின்னக் கரண்டை வைத்துப் பல்பின் பெரிய கரண்டைத் திறந்து மூடும் பெட்டி. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் நேராக ரிலேவுக்கு வர வேண்டும். பழைய சுவிட்ச் ரிலேவை இயக்க மட்டும்தான். அதன் பிறகு கம்பெனி கொடுத்த 75/70 வாட் பல்பே போதும்.

ரிலே கிட் ஆன்லைனில் வாங்கிப் போட்டேன். மறுநாளே கருகிவிட்டது. பெட்டியில் 12 வோல்ட் என்று இருக்கிறது. கடைக்காரர் பணம் திருப்பித் தருவாரா? (சங்ககிரி)

தரமாட்டார், தரவும் வேண்டியதில்லை. உங்கள் வண்டி 24 வோல்ட். பெட்டியில் எழுதியிருந்ததைப் படிக்காமல் வாங்கியது நீங்கள்.

20,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்த எல்இடி பல்பு வாங்கினேன். வண்டிக்கு முன்னால் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் தூரம் தெரியவில்லை. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் பிரைட் அடித்துத் திட்டுகிறார்கள். (கரூர்)

அவர்கள் திட்டுவது நியாயம். பல வருடமாக இதை எழுதிக்கொண்டே இருக்கிறேன், இன்னொரு தடவையும் எழுதுகிறேன்.

உங்கள் பழைய ஹெச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு ஃபிலமென்ட் இருக்கும். டிம் ஃபிலமென்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு, கிண்ணம் மாதிரி. வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்குப் போகாமல் தடுப்பது அதுதான். எதிரே வருகிற டிரைவரின் கண்ணைக் காப்பாற்றுவதும் அந்தத் தகடுதான். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த ஃபிலமென்ட் இருக்கும் இடத்துக்காகக் கணக்குப் பார்த்துச் செய்தது. அங்கே வேறு வடிவில் ஒரு எல்இடியைச் செருகினால் வெளிச்சம் சிதறும். பம்பருக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று விழும். அந்த வெள்ளைக்குக் கண் பழகிவிட்டால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத்தான் தெரியும். பெட்டியில் லூமன் எத்தனை போட்டிருந்தாலும் அது சாலையில் எங்கே விழுகிறது என்று எந்தப் பெட்டியும் சொல்வதில்லை. எல்இடிக்கென்றே செய்த முழு ஹெட்லைட்டோடு வருகிற வண்டிகளின் விஷயம் வேறு.

நானும் இதில் பணம் தொலைத்தவன். என் பழைய வேனுக்கு நீலப் பூச்சுள்ள ஒரு ஜோடி பல்பு வாங்கினேன், பகல் மாதிரி இருக்கும் என்று கடையில் சொன்னதை நம்பி. தொப்பூர் கணவாயில் மழை பிடித்துக்கொண்ட இரவு, முன்னால் போன டேங்கர் லாரி கிட்டே வரும்வரை கண்ணுக்குத் தெரியவில்லை. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியை வெளியே விடாமல் தின்றுவிடுகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது.

அந்த எல்இடியைக் கழற்றிவிடுங்கள். அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

ஹெட்லைட் கவர் மஞ்சளாகிவிட்டது. டூத்பேஸ்ட் தேய்க்கலாமா? (ஓசூர்)

சில வாரம் தாங்கும். பிளாஸ்டிக் கவரென்றால் 800, 1500, 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயில் தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். உள்ளே ரிஃப்ளெக்டர் கறுத்திருந்தால் கவரைத் தேய்த்துப் பயனில்லை, செட்டையே மாற்றுங்கள்.

சொந்த லாரி, நானேதான் ஓட்டுகிறேன். ஒரு கடையில் ஒயரிங்கும் ஹெட்லைட் செட்டும் 11,000 ரூபாய்க்குப் போட்டேன். ஒரு வருட கேரண்டி என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் ஒரு பக்கம் போய்விட்டது. கேட்டால், 'இது வியாபார வண்டி, நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது' என்று விரட்டுகிறார்கள். (பெருந்துறை)

அண்ணே, அவர்கள் சொல்வது பொய். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியது வியாபார நோக்கத்தில் சேராது. 1995-ல் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் லாரியையே உதாரணம் காட்டியது: தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிற முதலாளிக்குத்தான் சிக்கல்.

பில் கையில் இருக்கிறது, அதுவே பெரிய பலம். எரியாத பக்கத்தைப் போட்டோ எடுங்கள். கடைக்கு ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கடைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். பதில் எப்படி வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.

லோடு ஏற்றினால் வெளிச்சம் மரத்து மேலே அடிக்கிறது. எந்தப் பல்பு வாங்கலாம்? (தூத்துக்குடி)

எதுவும் வாங்க வேண்டாம். பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கும். லோடு ஏற்றிய பிறகு, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஹெட்லைட் உயரத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழுகிற மாதிரி ஸ்க்ரூவைத் திருப்புங்கள்.