தறிச் சத்தத்துக்கு நடுவில்

அன்புள்ள அண்ணா,

ஈரோட்டில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. பஸ் ஹாரன், குழந்தைகள் சண்டை, மாமியாரின் சீரியல் இரைச்சல். தியானத்துக்குப் பத்து நிமிடம் அமைதி கிடைப்பதில்லை. ரமணரைப் போல எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு வாரமாவது திருவண்ணாமலையில் மௌனமாக இருக்க ஆசை. போகலாமா? மந்திரம் ஏதாவது சொல்ல வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போய் வாருங்கள். மந்திரம் உங்கள் விருப்பம். ஆனால் ரமணரைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே விட மனசில்லை.

1896 செப்டம்பரில் அண்ணாமலையார் கோயிலுக்கு வந்தபோது அவருக்கு வயது 16. ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர் மேல் பையன்கள் கல்லெறிந்தார்கள். நிலத்துக்கு அடியில் இருக்கும் பாதாள லிங்கச் சன்னிதிக்கு இறங்கிப் போனால் அங்கே பூச்சிகள் தொடையை அரித்தன. அமைதியான இடமா அது? மௌன விரதம் என்று அவர் எதையும் எடுக்கவில்லை, பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிற்காலத்தில் விடியும் முன்பே ஆசிரமச் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார். எல்லாவற்றையும் விட்டாராம்! 1922-ல் அம்மா அழகம்மாளின் உயிர் பிரியும்வரை ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தவர் அவர்.

எங்கள் அப்பா பள்ளிபாளையத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். எட்டுத் தறி ஓடும் பட்டறை. பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும், அப்பா பேசவே மாட்டார். எங்கோ ஒரு தறியில் ஊடு நூலோடு குறுக்கே ஓடும் நாடா அடிக்கிற தாளம் கொஞ்சம் பிசகினால் போதும், நேராக அந்தத் தறியிடம் போய் நிற்பார். சோறு கொண்டுபோகும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாமி கும்பிடும்போதுகூட அந்த முகம் அவருக்கு வந்ததில்லை. மனசுக்குள் அவர் யாரோடும் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நீங்கள் போடுகிறீர்கள். 'மாமியாரின் சீரியல் இரைச்சல்' என்று படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பகல் முழுக்க அந்த அம்மாவோடு பேச வீட்டில் யார் இருக்கிறார்கள்? டிவியை அவ்வளவு சத்தமாக வைக்கிறார் என்றால், காது மந்தமாகியிருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா? தறிச் சத்தம் அப்பாவின் இரண்டு காதையும் தின்றிருந்தது. அது தெரியாமல், ரேடியோவை வேண்டுமென்றே அலற விடுகிறார் என்று வீட்டில் எல்லோரும் திட்டினோம். நானும் திட்டினேன்.

திருவண்ணாமலைக்கு அடுத்த மாதம் போகலாம் அம்மா. இந்த வாரம் மாமியாரை ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணன்